சுவத்துல தொங்கின பூசணிக்காய்

பட்டுக்குப் பேர்போன மர்கிலான் ஊர்ல, எங்க சந்துக்குள்ள யாரு புதுசா வந்தாலும் மஸ்துரா அக்கா மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, பையத்தான் பாப்பாங்க. நான் எதிர்வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கே, "பொண்ணு சரி, பைக்குள்ள என்ன?"ன்னு கேட்டவங்க. பட்டு மில்லு வாசல்ல நின்னு, வேலை முடிஞ்சு போற பொம்பளைங்களோட பையையும் சட்டைக் கையையும் தடவிப் பாத்தே காலம் போனவங்க. வேலைய விட்டு நின்னாச்சு, கை மட்டும் நிக்கல.

இப்போ சோதனையெல்லாம் கொல்லைத் தோட்டத்துல. காலையில எழுந்ததும் ஒவ்வொரு இலையா தூக்கிப் பாப்பாங்க. "நேத்து இங்க ஒண்ணு செவந்து கெடந்துச்சே, எங்க?"ன்னு தக்காளிச் செடிகிட்டயே விசாரணை. மைனா கொத்திருச்சுன்னு நான் சொன்னா, "மைனாவ யாருடி அனுப்புனா?"ம்பாங்க.

அனுப்பினது, அவங்களப் பொறுத்தவரைக்கும், அனோர் அக்காதான். மண்சுவத்துக்கு அந்தப் பக்கத்து வீடு. ரெண்டு பேருமே தனிக்கட்டைங்க. சுவத்துல ஒரு தட்டு நுழையுற அளவுக்கு ஓட்டை. விடிஞ்சதும் அனோர் அக்கா தந்தூர் ரொட்டிய சூடா அதுல நீட்டி, தகர டப்பாவ உருட்டுன குரல்ல கத்துவாங்க: "ஏய் மஸ்துரா! உசுரோட இருக்கியா?"

"உன்னப் பொதைக்காம போக மாட்டேன்!"

அதுக்கப்புறந்தான் மஸ்துரா அக்கா வீட்டுல டீ கொதிக்கும். மகன் மாஸ்கோவுல. இருக்கியான்னு கேக்க வேற நாதியில்ல.

அந்த வருசம் மஸ்துரா அக்கா போட்ட பூசணிக்கொடி இலையும் பூவுமா சுவரையே மூடிருச்சு. காய் மட்டும் ஒண்ணே ஒண்ணு, அவங்க பக்கமா சுவத்து உச்சிக்குக் கீழ தொங்குச்சு. பிஞ்சுலயே மஸ்துரா அக்கா ஊசியால தன் பேரக் கீறி வச்சாங்க. காய் பெருக்கப் பெருக்க பேரும் தழும்பா பெருத்துச்சு.

வெயில் தணிய ஆரம்பிச்ச நேரம், ஒரு நாள் என் கையப் பிடிச்சு இழுத்தாங்க. "வா, சாட்சிக்கு."

பாத்தா, காய்க்கு அடியில யாரோ பூப்போட்ட பழந்துணிய தூளி மாதிரிக் கட்டி, முனைய சுவத்து மேல ஆணியில மாட்டியிருந்தாங்க.

"யாரு துணி இது?"

"அனோர் அக்கா சட்டை மாதிரி இருக்கு."

"பாத்தியா! அறுத்ததும் சத்தமில்லாம தூக்கிக்கத்தான் தூளி. மில்லுல எத்தனை பேரப் பாத்திருக்கேன்!"

"கனத்துல கொடி அறுந்துறக் கூடாதுன்னு கட்டியிருப்பாங்க."

"என் காய்மேல அவளுக்கென்னடி அக்கறை?"

"அவங்களையே கேளுங்களேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிருவாளாக்கும்!"

அன்னிக்கே மண்ணக் குழைச்சு, செங்கல் வச்சு ஓட்டைய அடைச்சுட்டாங்க. மறுநாள் ரொட்டி வந்து செங்கல்ல முட்டிச்சு. "மஸ்துரா?"ன்னு ஒரு குரல். இவங்க இன்னொரு பிடி மண்ண எடுத்து விரிசல்ல அப்புனாங்க. "சரி, இருந்துக்கோ"ன்னு அந்தப் பக்கம் போயிருச்சு. அதோட சரி.

தக்காளி சிறுத்துச்சு. மஸ்துரா அக்கா மிளகாயப் பறிச்சு கயித்துல கோத்துத் தொங்கவிட்டாங்க. கடை ரொட்டியப் பிச்சுப் பாதிய புறாவுக்குப் போட்டாங்க. ஒரு காலையில சந்தப் பெருக்கிக்கிட்டே, சும்மா வெளையாட்டுக்கு அனோர் அக்கா குரல்ல கத்துனேன்: "ஏய் மஸ்துரா! உசுரோட இருக்கியா?"

உள்ள தட்டு உருண்டுச்சு. கதவு வழியாப் பாத்தா, வெறுங்காலோட ஓடிப்போயி செங்கல்ல காத வச்சு நிக்கிறாங்க. அப்புறம் திரும்பி என்னப் பாத்தாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

அக்டோபர் கடைசியில உறைபனி விழுந்துச்சு. விடிஞ்சா இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குது, கொடி மட்டும் எலும்பா தெரியுது. மஸ்துரா அக்கா தன் கொடியப் பிடிச்சு இழுத்தாங்க. காய் எதுவும் இல்லாம மொத்தமும் கையோட வந்துருச்சு. பூசணி தொங்குன கொடிய விரலால தடவிக்கிட்டே போனாங்க. அது மேல ஏறி, சுவரத் தாண்டி, அந்தப் பக்கம் எறங்குது.

"ஏணியப் பிடி"ன்னாங்க. ஏறி எட்டிப் பாத்தாங்க.

அந்தப் பக்கத்துலேருந்து தகர டப்பா குரல்: "என்ன மஸ்துரா, சோதனையா?"

"வேரு உன் பக்கம் இருக்கு."

"வெதை போட்டப்பவே இங்கதான இருந்துச்சு."

"ராத்திரியில மாத்தி நட்டியோ?"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாரு. நீ பேரு கீறுன அன்னிக்கே பாத்துட்டேன்டி. என் காயில உன் பேரு! சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

மஸ்துரா அக்கா ஏணி மேலயே யோசிச்சாங்க. "மாட்டேன்"னாங்க.

"அப்போ எறங்கு, விழுந்து தொலையாத."

எறங்குன கையோட மண்வெட்டிய எடுத்து செங்கல்லப் பேத்தாங்க. பூசணிய அறுத்து ஓட்டையில தள்ளிப் பாத்தாங்க, போகல. ரெண்டா வெட்டி, பேரு இருந்த பாதிய அந்தப் பக்கம் தள்ளுனாங்க.

மறுநாள் நான் சந்தப் பெருக்கிக்கிட்டு இருக்கேன். "ஏய் மஸ்துரா! உசுரோட இருக்கியா?"

டக்குன்னு தெருக்கதவு தெறந்துச்சு. மஸ்துரா அக்கா என் வாயையே முறைச்சுப் பாத்தாங்க. நான் வெளக்குமாத்தக் கீழ போட்டு, ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக் காட்டுனேன்.

மறுபடியும் குரல் வந்துச்சு. அப்பதான் உள்ள ஓடுனாங்க.