பத்து நிமிடச் சிதம்பர ரகசியம்

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பினேன், நடராஜரைத் தரிசிக்க. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரம், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய் என்று என் வீட்டுக்காரர் மனோகர் கணக்குச் சொல்லியிருந்தார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகப்போகும் முதல் வெளியூர் அது. நான் தருமபுரிக்காரி. நடராஜரைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

இந்தப் பயணத்துக்கென்றே அவர் எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். விலை இரண்டாயிரத்து எண்ணூறு. மாம்பழ மஞ்சள் உடல், கரும்பச்சைக் கரை. என் நிறத்துக்கு மஞ்சள் எடுக்காது என்று கடையிலேயே சொன்னேன். இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நம் மேல் இத்தனை ஆசையா என்று நானும் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். கிளம்பும்போது என் கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். குங்குமம் தடவியிருந்தது.

"அம்மன் காலடியில வச்சி எடுத்தது. பத்தரமா வச்சிக்கோ. அதுமேல எதயும் வைக்காத" என்றார். அர்ச்சனைக்கு என்று நினைத்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். மணிக்கூண்டு அருகே ஒரு வேன் நின்றது. அதற்குள்ளும், அதைச் சுற்றியும், அதன் கூரை மேலும் இருபது ஆண்கள். எல்லோரும் மாம்பழ மஞ்சளில் பனியன் போட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டை கரும்பச்சை. நான் குனிந்து என் புடவையைப் பார்த்தேன். நிமிர்ந்து அவர்களைப் பார்த்தேன். இடுப்பில் டிரம் கட்டிய ஒரு பெரிய ஆள் கும்பிட்டபடி வந்து, "வாங்க அண்ணி, கலர் அப்பிடியே ஒட்டுது. மச்சான் சொன்ன மாதிரியே பண்ணிட்டான்" என்றார். அவர் பெயர் சகாயம். மச்சான் என்றது என் வீட்டுக்காரரை. நடுத்தெருவில் நின்று சண்டை போடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் பேசாமல் வேனில் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டை எங்களுக்கென்று துடைத்து வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். முதுநகரில் வெள்ளிமீன் கால்பந்துக் கழகம் என்று ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் மஞ்சக்குப்பத்தில் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை. அவர் பார்ப்பவர். பதினாறு வருடமாகப் பார்ப்பவர். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று வெள்ளிமீன் எங்கே ஆடினாலும் அங்கே போய்த் தொண்டை கட்டித் திரும்புகிறவர். வேனில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வேலைகளாக அவர் சொல்லி வந்த அத்தனையும் இதுதான் என்பது வேன் கிளம்பி நூறு அடி போவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

"நடராஜரப் பாக்கவா போறோம், பந்தப் பாக்கவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டுந்தான். ஃபைனலு மூன்ற மணிக்கு. அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும். கோயிலு நட தொறக்கறதே அப்பதான்."

"எட்டு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம நீங்க வீட்ல இருந்ததுண்டா? நான் ஒருத்தி தனியா சோறு போட்டுத் தின்னுட்டு டிவி பாத்துட்டு உக்காந்திருக்கனே, ஒரு நாளாவது நெனச்சிப் பாத்தீங்களா?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். பின்னால் டிரம் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. வெளியே சவுக்குத் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆலப்பாக்கம் வந்ததும் என் கையை இழுத்து உள்ளங்கையில் அடித்தார்.

"இதுவரைக்கும் மூணு ஃபைனலு வந்தோம், மூணும் தோத்துட்டோம். இன்னைக்கும் தோத்தா இதோட வுட்டுடறேன். இனிமே ஞாயித்துக்கிழம உனக்குத்தான். சத்தியம்."

ஆக, வெள்ளிமீனின் நிறத்தில் பட்டுக் கட்டிக்கொண்டு, வெள்ளிமீனின் வேனில் உட்கார்ந்து, வெள்ளிமீன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மீதி முப்பது கிலோமீட்டரையும் கடந்தவள் நான். அந்த வேனில் வேறு யாருக்கும் இது தெரியாது.

புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டிப் புவனகிரியில் டீக்கு நிறுத்தினார்கள். டீ நாலு ரூபாய். ஓட்டுநர் என்னிடம், "இவங்கள ஆறு வருசமா ஓட்டிக்கினு போறன்மா. போவும்போது இந்தச் சத்தம். திரும்பும்போது வண்டில ஆள் இருக்கான்னு நாந்தான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கணும்" என்றார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

வெள்ளாற்றுப் பாலம் கடந்து, தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் வேனில் இருந்தவர்கள் எல்லோரும் டிரம்மை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நொடி மறுபடி டிரம். மணி ஒன்றே கால். கீழ வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, முப்பத்தைந்து ரூபாய். நடை சாத்தியிருந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "சாயங்காலம் வர்றேன்" என்று நான் நடராஜரிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்று மணிக்கு மைதானம். நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏன் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. பெண் என்று நானும், சுண்டல் விற்கிற அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். எதிரணி சிதம்பரம். உள்ளூர்க்காரர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் எதிரில் ஒரு மூலையில் மஞ்சளாக நாங்கள் இருபத்திரண்டு பேர்.

என் வீட்டுக்காரர் என் பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். சகாயம் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. வலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போல நடந்து போய், எங்கள் கோல்கீப்பர் நிற்கும் கோலின் மூலையில், கம்பத்துக்குப் பின்னால் வலைக்குள் அதை வைத்துவிட்டு வந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"ஒவ்வொரு ஃபைனலுக்கும் வைப்போம். கோல் உள்ள வராது" என்றார், குழாய்க்கு வாஷர் போட்டுவிட்ட தெளிவோடு.

அடுத்த முப்பத்தைந்து நிமிடமும் வரவில்லைதான். சிதம்பரத்துக்காரர்கள் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று மேலே பறந்தது. மூன்றாவதில் எங்கள் கோல்கீப்பர் கீழே விழுந்து கிடந்தார். காலியான கோலுக்குள் போக வேண்டிய பந்து, யாரோ ஒருவர் முதுகில் பட்டு வெளியே போனது. ஒவ்வொரு முறையும் எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது உண்மை.

நாலு ஐந்துக்கு இடைவேளை. யாரும் கோல் போடவில்லை. என் வீட்டுக்காரர் ஐந்து ரூபாய்க்குச் சுண்டல் வாங்கி வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுண்டல் பொட்டலத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வி பயம் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் வெள்ளிமீன் பிரமாதமாக ஆடியது. எனக்கே தெரிந்தது. ஆனால் பந்து உள்ளே போகவில்லை. ஒன்று கம்பம். ஒன்று மேல் கட்டை. ஒன்று கோட்டின் மேல் உருண்டு, நின்று யோசித்து, வெளியே போனது. சகாயம் அண்ணன் டிரம் குச்சியால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். மணி நாலரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடைவேளையில் இரண்டு அணியும் பக்கம் மாறிவிட்டன. எலுமிச்சம்பழம் மாறவில்லை. அது இப்போது சிதம்பரத்தின் கோலைக் காத்துக்கொண்டிருந்தது.

இருபது பேர் இத்தனை வருடமாக இப்படி வைக்கிறார்கள், ஒருவருக்குமா இது தோன்றவில்லை? அதிர்ச்சியில் சுண்டல் தொண்டையில் சிக்கியது. சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சிதம்பரம் ஒரே ஒரு கோல் போட்டால் போதும், வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எனக்கு. அடுத்த பத்து நிமிடமும் நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், உள்ளூர எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாலு நாற்பதுக்கு இன்னொரு பந்து கம்பத்தில் பட்டது. என் வீட்டுக்காரர் கத்தவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்னாளில் என் மாமனார் இறந்தபோதுகூட இந்த மனுஷன் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஏங்க, அந்த எலுமிச்சம்பழம் இப்ப அவங்க கோல்லதான கெடக்கு?"

டிரம் நின்றது. இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கோலைப் பார்த்தார்கள். ஒருவர் தலையில் கைவைத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அட கொடுமையே, மூணு ஃபைனலும் இப்பிடித்தான்டா போச்சி" என்றார் சகாயம் அண்ணன், மெல்லிய குரலில்.

டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். கோலுக்குப் பின்னால் படுத்து, வலைக்கு அடியில் குச்சியை விட்டுப் பழத்தை நோண்டினார். சிதம்பரம் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். நல்ல உயரமான பையன், வெயிலில் வாடியிருந்தான். குச்சியைப் பார்த்தான், பழத்தைப் பார்த்தான். எடுத்தான். குங்குமத்தைக் கால்சட்டையில் துடைத்தான். கடித்துச் சாறு முழுக்க உறிஞ்சிவிட்டு, தோலைச் சகாயம் அண்ணன் பக்கமாக வீசினான்.

"போச்சி. மொத்த காவலயும் உள்ள எறக்கிட்டான்" என்றார் எங்கள் மூலையில் ஒருவர்.

"இல்ல மச்சான். அதுல இருந்த திருஷ்டியத் தின்னுட்டான்" என்றார் இன்னொருவர்.

விவாதம் முடியுமுன் எங்களுக்குக் கார்னர் கிடைத்தது. மிதந்து வந்த பந்தைக் கோல்கீப்பர் எளிதாகத்தான் பிடித்தான். அது கைநழுவி, முழங்காலில் பட்டு, கோலுக்குள் உருண்டது. எலுமிச்சைச் சாற்றில் கையுறை வழுக்கிவிட்டது என்பது என் கணக்கு. திருஷ்டி என்பது அவர்கள் கணக்கு. ஒன்றுக்குப் பூஜ்யம். ஐந்து நிமிடத்தில் விசில் ஊதிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பது காதில் விழுந்து யாரென்று திரும்பிப் பார்த்தேன். சுண்டல்கார அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குக் கோயில். செருப்புக்கு ஒரு ரூபாய். கீழ வீதியில் டிரம் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போனோம். நடராஜரைக் கண் நிறையப் பார்த்தேன். திரையை விலக்கி, வெறும் இடத்தில் தொங்கும் பொன் வில்வ மாலையைக் காட்டினார்கள். இதுதான் ரகசியம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்து ஒரு ரகசியத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

சிவகங்கைத் தீர்த்தத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஹாஃப் டைம்லயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"பழம் அந்தப் பக்கம் போயிட்டது. சைடு மாறும்போதே பாத்துட்டன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்தப் பழத்தை விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கி வந்தவர் அவர். என்னைப்போல் நம்பாதவர் இல்லை.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உன் கையில அடிச்சிக் குடுத்துட்டேன்ல. நீ வேன்ல அழுதியே, அது மனசவுட்டுப் போவல. அவனுங்க மூணு தடவ தோத்தவனுங்க, நாலாவதும் தாங்கிப்பானுங்கன்னு பாத்தன். ஆனா பாத்துக்கினு சும்மா இருக்கறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சி" என்றார்.

அன்று காலையிலிருந்து பட்ட அதிர்ச்சிகள் எல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை. தன் கோலுக்குள் தானே பந்தை அடித்துக்கொள்வதைச் சேம் சைடு கோல் என்பார்கள். எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. பதினாறு வருடம் தொண்டை கட்டியவர் அதை எனக்காகப் போட உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்காக என் கோலில் போட்டுக்கொண்டேன். படிக்கட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கோயிலை விட்டு வெளியே வரும்வரை விடவில்லை.

"இத யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார் வேனில் ஏறும் முன். திரும்பும் வழி முழுக்க ஓட்டுநர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தருமபுரி வீட்டில் அப்பா எதையும் மறைக்க மாட்டார். அம்மாவும்தான். இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். குடித்தனம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு அவர் சத்தமில்லாமல் வீட்டிலேயே இருந்தார். அதற்கடுத்த ஞாயிறு பண்ருட்டியில் ஆட்டம் என்று எனக்கே தெரிந்திருந்தது. இருவரும் போனோம். இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். அந்தப் புடவையைக் கட்டாமல் போனால் சகாயம் அண்ணன் வேனில் ஏற்றுவதில்லை.

முதல் ரகசியத்தைப் பத்து நிமிடம்தான் வைத்திருந்தேன். இரண்டாவதை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். போன வாரம்தான் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுதிக்கோ. அவனுங்க எந்தப் பேப்பர எடுத்தாலும் கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்தியத் தவிர வேற எதயும் படிக்க மாட்டானுங்க" என்றார்.

ஆகவே இந்தக் கட்டுரையைத் தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.