அக்காவுக்காக ஒப்பித்த கதைகள்

எட்டு வயதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலேயே என்னைப் போலக் கெட்டிக்காரி இல்லை என்று ஒரு நீண்ட விடுமுறை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்த வாசகசாலை.

ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் சாயங்காலங்களில் அதைப் பார்த்துக்கொண்டார். பள்ளி மூடியதும் பிள்ளைகள் சாக்கடையில் மீன் பிடித்துத் திரிவதைக் கண்டு, கதைப் புத்தக அலமாரியை எங்களுக்குத் திறந்துவிட்டார். பரீட்சை இல்லை, பிரம்பு இல்லை. படித்த கதையை அவருக்குச் சொன்னால் அடுத்த புத்தகம் கிடைக்கும்.

எனக்குப் படிக்கிற ஆசை துளியும் இல்லை. ஆசையெல்லாம் அக்காவுக்குத்தான். பெரியவளானதும் அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். வாசல் தாண்டக் கூடாது. கதைப் புத்தகம் பெண் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது, என்ஜின் கொட்டகையில் வேலை செய்த அப்பாவின் கட்சி. அம்மாகூட அதற்கு மறுபேச்சு பேசியதில்லை.

ஆகவே அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். நான் வாங்கி வரும் புத்தகத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அப்பா வேலைக்குப் போனதும் படிப்பாள். பிறகு தேங்காய் துருவிக்கொண்டே எனக்குக் கதை சொல்வாள். நான் மாடியேறி அதை ஒப்பித்துவிட்டு, அடுத்ததோடு இறங்குவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள், ஊரைவிட்டுப் போகத் தயங்கிய ஒரு பெண்ணின் கதையைக் கிராணியிடம் சொல்லி முடித்த நான், பெருமை தாங்காமல் அக்கா சொன்னதையும் சேர்த்துவிட்டேன்.

“அவளுக்குப் புத்தியே இல்லங்கய்யா. படகுக்காரன் கூப்பிட்டப்பவே ஏறிப் போயிருக்கணும். வீட்டுக்குள்ளயே கெடந்து என்னத்தக் கண்டா?”

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இதப் படிச்சது யாரும்மா?”

“அக்கா.”

“அக்கா ஏன் இங்க வரல?”

“பெரியவளாயிட்டா. வெளிய வரக்கூடாது.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்தார். ஒன்று தடிமனானது. இன்னொன்று பெரிய எழுத்தும் குரங்குப் படமுமாக மெல்லியது. “பெருசு அக்காவுக்கு. சின்னது உனக்கு. இந்தக் கதைய நீ அக்காவுக்குச் சொல்லணும், சரியா?”

அக்காவுக்குத் தெரியாத கதை எனக்குத் தெரியப்போகிறது! அந்த ஆசையில்தான் முதன்முதலாக நானாகவே எழுத்துக் கூட்ட உட்கார்ந்தேன். மறுநாள் மத்தியானம், நான் அக்காவுக்குச் சொன்ன கதையில் குரங்கு மரத்தில் ஏறியிருந்த நேரத்தில், மழையில் தொப்பலாக நனைந்தபடி அப்பா வாசலில் நின்றார். இரண்டு புத்தகங்களையும் ஒளிக்க அக்காவுக்கு நேரம் இருக்கவில்லை.

“யாரோடது இது?”

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டும் என்னுதுப்பா” என்றேன் நான்.

அப்பா தடிப் புத்தகத்தை என் கையில் திணித்தார். “அப்படியா? படி பாப்போம்.”

முதல் வரியிலேயே திக்கினேன். தலையைக் குனிந்திருந்த அக்கா, அந்த வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அடுத்ததையும் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். புத்தகம் என் கையில் இருக்க, காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படித்ததை அக்கா தரையைப் பார்த்தபடி வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனாள். பக்கம் முடிந்ததும் சட்டென்று நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா ஈரச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அப்புறம்?” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உனக்கு இன்னும் படிக்க வரல பாப்பா. தெனமும் அக்காகிட்ட ஒக்காந்து படிச்சுக்க. பொஸ்தகம் வாங்கியாந்தா மொதல்ல அவகிட்ட குடு.”

அக்கா விருட்டென்று அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே எரிச்சல். அப்பாவை இவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றியவள் நான். பாடம் படிக்கிற தண்டனையும் எனக்குத்தான் விழுந்தது. ஒரு திட்டுக்கூட வாங்காத அக்கா எதற்காக அழுகிறாள் என்று அவளையே உலுக்கி உலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.