வாலுக்கு அடியில்

பைனாகுலரைக் கைக்குட்டையால் துடைத்துக் கண்ணில் வைக்கிறார், இறக்குகிறார், மறுபடியும் துடைக்கிறார் பூதக்கண்ணாடி அக்கா. விடுதி பால்கனிக்கு நேர் எதிரே, மின்கம்பியில் ஒரு கறுப்புப் பறவை. கரிச்சானா, கரிச்சான் குயிலா? இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் பிளந்த வால். கூடப் பிறந்ததுகள் என்று சத்தியமே செய்யலாம். குயிலுக்கு மட்டும் வாலுக்கு அடியில் மெல்லிய வெள்ளை வரிகள் இருக்கும்.

"அடியைப் பாக்காம பேரு வைக்கக் கூடாது" என்பது அக்கா அடிக்கடி சொல்வது. "நீ அடின்னாலே எனக்கு முதுகு கூசுது" என்பார் பஸ் ஓட்டுநரான கணவர். கறுப்பாகப் பறந்தால் அவருக்குக் காக்கா, மற்றதெல்லாம் குருவி. கடல் பார்க்க வந்த இடத்தில் கம்பியைப் பார்க்க வைத்துவிட்டாளே என்ற குறை வேறு.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் செல்களில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துச் சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. அந்தப் பெயரில் அக்காவுக்குக் கொள்ளைப் பெருமை. பைனாகுலரும் குளிக்கும்போது மட்டுமே கழுத்தை விட்டு இறங்கும். கணவர் ஒருமுறை கை நீட்டியதற்கு, "பல்லு தேய்க்கிற பிரஷ்ஷையும் கேப்பீங்களா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

கொஞ்ச நாளாக வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல்; இடது கண்ணிலும் பழைய கூர்மை இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. தூக்கம் போதவில்லை, ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லித்தான் கிளம்பி வந்தார். இந்த இரண்டு பறவைகளையும் பிரித்துச் சொல்லிவிட்டால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊருக்குப் போனதும் வழக்கம்போல் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரலாம். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை இது. தவறினால்? ஒரு செல்லை இன்னொன்று என்று எழுதிவிட்டால், எங்கோ ஒரு வீட்டில் இடி விழும்.

பறவை திரும்பி உட்கார்ந்து, வாலைத் தூக்குகிறது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கறுப்பு, முழுக்கக் கறுப்பு.

"கரிச்சான்தாங்க! சந்தேகமே இல்ல!" குரலில் அப்படி ஒரு நிம்மதி.

காபியை உறிஞ்சியபடி கணவர் வெறுங்கண்ணால் எட்டிப் பார்க்கிறார். "அந்தக் காக்காவா? அதென்ன, வாலுக்கு அடியில வரி வரியா வெள்ளையா இருக்கு?"

"எது?"

"அதான், நல்லாத் தெரியுதே. என்னைக் கிண்டல் பண்றியா?"

அக்கா மறுபடியும் பார்க்கிறார். கறுப்புதான். இடது கண்ணை மூடிப் பார்க்கிறார்; பறவையே இல்லை, நடுவில் வெறும் மங்கல், அதற்கு இரண்டு பக்கமும் கம்பி மட்டும் தெரிகிறது. கைக்குட்டையை எடுக்கப் போன கை பாதியில் நிற்கிறது.

கணவர் காபிக் கோப்பையைக் கீழே வைக்கிறார். "என்னாச்சும்மா?"

அக்கா பைனாகுலரின் பட்டையைத் தலைவழியே கழற்றி, கணவரின் கழுத்தில் மாட்டி, அது முறுக்கிக்கொள்ளாமல் நீவி விடுகிறார்.