கிட்டார் வகுப்பில் அம்மா

எனக்குப் பன்னிரண்டு வயதில், கல்கத்தாவில், பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் அம்மா என்னைக் கிட்டார் வகுப்பில் சேர்த்தாள். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கும் பெரிய ஆசை கிடையாது. அம்மாதான் பிடிவாதமாக நின்றாள்.

சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகள் பாயில் உட்காருவோம். மற்ற அம்மாக்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என் அம்மா மட்டும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து, என் பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மாஸ்டர் ஒரு கார்டு வாசித்தார். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து கலகலவென்று ஒலித்தன. பிறகு ஒரே ஒரு விரலை எடுத்தார். அதே கார்டு அழுவதுபோல் ஆகிவிட்டது. மேஜர் மைனராகிவிட்டது, எந்த ஸ்வரம் மாறியது என்று என்னைக் கேட்டார்.

"நடு ஸ்வரம். காந்தாரம் இறங்கிடுத்து," என்றாள் அம்மா பின்னாலிருந்து, பாதித் தமிழிலும் பாதி வங்காளத்திலும். சொன்னதோடு நிற்காமல் இரண்டு காந்தாரத்தையும் பாடிக் காட்டினாள். கல்யாணத்துக்கு முன் பாட்டுக் கற்றவள்.

"பாஹ், பௌதி!" என்று அண்ணி முறை சொல்லி மெச்சினார் மாஸ்டர். ஆனால் முன்வரிசைப் பையன் ஒருவன் அம்மாவைப்போலவே இழுத்துப் பாட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா நோட்டை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் சொன்னேன்: "இனிமே நீ உள்ள வராதேம்மா. மானமே போறது."

"நான் பாட்டுக்கு ஓரமாத்தானேடீ உட்கார்ந்திருக்கேன்?"

"வேற யார் அம்மாவும் வரதில்லை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து என்னை வாசலில் விட்டுவிட்டு, முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு மார்க்கெட்டில் சுற்றுவாள். வகுப்பு முடிந்ததும் கிட்டாரைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட்பாள்: "இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்?"

"ஒண்ணுமில்லை."

"கார்டுல நாலாவது ஸ்வரம் சேர்க்கறதைச் சொல்றேன்னாரே, சொன்னாரா?"

"தெரியாது."

ஒரு சனிக்கிழமைகூட விடாமல் கேட்டாள். ஒரு சனிக்கிழமைகூட நான் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் எனக்கு அலுத்துப்போய் வகுப்பிலிருந்து நின்றபோது, "இன்னும் ஆறு மாசம் போயேன்," என்று அவள் கெஞ்சிய மாதிரிகூட இருந்தது.

நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று வேவு பார்க்கிறாள் என்றே நினைத்தேன். அவள் கேட்டது தன்னுடைய பாடத்தை என்று எனக்குத் தெரியவில்லை.