வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்

மறியல் நடந்த மறுநாள் காலை என் கணவர், "ஏம்புள்ள, ஒண்ணுக்குக் கடுங்காப்பியாட்டப் போகுது" என்றார். அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு கோடை. குடிதண்ணீர் கேட்டு ஊரே காலிக்குடங்களோடு அவிநாசி சாலையில் உட்கார்ந்திருந்தோம். கலைந்து போகச் சொன்ன கையோடு போலீசார் லத்தியைச் சுழற்றினார்கள். குடத்தை எடுக்கக் குனிந்த என் கணவரை நாலு போலீசார் சூழ்ந்துகொண்டு முதுகிலேயே அடித்தார்கள்.

கோவையில் ஆஸ்பத்திரி வாசலில் என் அண்ணன் காதோடு சொன்னார்: "போலீசுன்னு வாயத் தொறக்காத அம்மணி. அப்பறம் ஊட்டுக்கே தேடி வருவாங்க. வண்டியில இருந்து உழுந்துட்டாருன்னு சொல்லிப்போடு."

நானும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தேன். என் கணவரும் முதுகுக் காயம் தெரியாதபடி சட்டையைக் கழற்றாமல் மல்லாந்தே படுத்திருந்தார். சிறுநீரகத்தில் அடிபட்டு ரத்தம் கசிகிறது என்று நினைத்து, டாக்டர்கள் வலிக்கு ஊசி போட்டார்கள்.

மறுநாள் சிறுநீரே நின்றுவிட்டது. முகம் வீங்கியது. பெரிய டாக்டர் அவரைப் புரட்டிப் பார்த்தார்.

"உழுந்தா முதுகு இப்படி வரிவரியாக் கன்னிப் போகாதுங்க. மறைச்சீங்கன்னா ஆளே இருக்க மாட்டாருங்க."

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். தசைச் சிதைவு (அடியில் நைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைப்பது) என்றார். சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் அந்த வலி ஊசியை நிறுத்தி, டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள். "நேத்தே சொல்லியிருந்தா..." என்றவர், புதுச் சீட்டு எடுத்து லத்தியடி என்று எழுதினார்.

மூன்று வாரம் என் வேலை சிறுநீரை அளப்பது மட்டுமே. ஒரு மதியம் ஜாடி பாதி நிறைந்தது. நர்ஸைக் கட்டிக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எவ்வளவு பயந்தாலும் டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்.

பல மாதம் கழித்து அந்தத் தடியடி பற்றிய விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஆஸ்பத்திரியின் முதல் சீட்டைப் படித்தார்.

"வண்டியில இருந்து விழுந்தாருன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க?"

"பயத்துல சொன்னேனுங்க. இப்பவும் பயந்தானுங்க. ஆனா அடிச்சது போலீசுங்க. ரெண்டாவது சீட்டுல டாக்டரும் எழுதியிருக்காருங்க."

"அடிச்ச அடையாளம் இருக்குதா?"

என் கணவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். தினமும் நான் எண்ணெய் தடவிவிட்ட முதுகு. ஒரு வரிகூட இல்லை. புருஷன் உடம்பு ஆறிவிட்டதே என்று நான் அங்கே நின்று அழுதேன்.