கரண்டு வீணையிடம் சொன்ன ரகசியம்

எனக்கு ஓட்டை வாய் என்று வீட்டில் பெயர். ஏழு வயதிலேயே கிடைத்த பட்டம் அது. கொடுத்தவர்கள் யாரும் இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஓட்டை வாயால்தான் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வரப்பில் நடந்தால் எங்கள் வீடு. அப்பா, அம்மா, தாத்தா, கல்யாணமாகாத அத்தை எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பெரியப்பா குடும்பம் பக்கத்து வீடு. இத்தனை பேரோடு ஒட்டிக்கொண்டவர் என் தாய்மாமா. அவருக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. பட்டணத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. அவ்வளவு தூரத்திலிருந்து தினம் வேலைக்குப் போக முடியாது என்று அக்கா வீட்டில் தங்கியிருந்தார். மருமகளின் தம்பி வந்து வீட்டோடு இருப்பது தாத்தாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தவிட்டு அறையை ஒழித்துக் கொடுத்ததோடு சரி, அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

மாமாவுக்குப் பைத்தியம் இரண்டு. ஒன்று போட்டோ. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்று வைத்திருந்தார். தவிட்டு அறையின் சந்துபொந்தையெல்லாம் சாக்கால் அடைத்து, அரிக்கேனுக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டு, பீங்கான் தட்டில் மருந்து ஊற்றி, படத்தை அவரே கழுவுவார். இன்னொரு பைத்தியம் கிட்டார். எங்கேயோ ரேடியோவில் மின்சார கிட்டார் கேட்டிருக்கிறார். வாங்கக் காசு ஏது, நாமே செய்தால் ஆயிற்று என்று இறங்கிவிட்டார். பலாக்கட்டையை இழைத்து உடம்பு செய்தார். பழைய டெலிபோனிலிருந்து காந்தம் எடுத்தார். அதன்மேல் மயிரிழை போன்ற செம்புக் கம்பியை அம்மாவின் தையல் மிஷினில் மாட்டிச் சுற்றினார். கம்பி அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அறுந்துகொண்டேதான் இருந்தது. ரவிக்கை தைக்க வேண்டும், மிஷினை விடுடா என்று அம்மா பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பாள். கம்பி சுற்றிய அந்தக் காந்தத்தைத் தந்திகளுக்கு அடியில் பதித்து, மைக் செட்டில் சேர்த்துவிட்டால் ஊரே கேட்கும் என்பார் மாமா. ஊர்க்காரர்கள் அதற்குக் கரண்டு வீணை என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குக் கரண்டு வராத காலம் அது.

இந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். வயசுப் பெண்ணை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாவது என்று தாத்தா முகம் சுளித்தார். வீட்டிலேயே ஒருத்தன் கேமராவும் கையுமாகச் சுற்றுகிறானே, தின்ற சோற்றுக்கு இதையாவது செய்யட்டும் என்றார். மாமா எடுத்தார். கிணற்றடியில் எடுத்தார், வைக்கோல் போர் பக்கத்தில் எடுத்தார், முருங்கை மரத்தடியில் எடுத்தார். எடுத்ததெல்லாம் கெட்டுப்போயிற்று என்றார். ஒரு தடவை பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது, ஒரு தடவை மருந்து பழசு, ஒரு தடவை எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. போட்டோவுக்குக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அலுத்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். தவிட்டு அறையில் தட்டை ஆட்டிக்கொடுக்கிற வேலை என்னுடையது. வெள்ளைக் காகிதத்தில் முதலில் முருங்கை மரம் வரும், அப்புறம் புடவை வரும், கடைசியில் அத்தையின் சிரிப்பு வரும். ஒரு படம்கூடக் கெடவில்லை. எல்லாவற்றையும் காயவைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிடுவார் மாமா. அம்மா மேல் ஆணையாக யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கு வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது?

தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்கு ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நஞ்சை நிறைய உள்ள குடும்பம். தன் மகனுக்கு அத்தையைக் கேட்டிருந்தார். போட்டோதான் வரவே மாட்டேன் என்கிறதே, நேரிலேயே பார்த்துவிட்டுச் சாயங்காலம் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று தாத்தாவோடு பேசி முடித்துவிட்டிருந்தார். காலையிலிருந்து மாமா சாப்பிடவில்லை. எனக்கென்ன தெரியும், கரண்டு வீணை அன்றைக்கு முதல் முறையாகப் பந்தலில் வாசிக்கப் போகிறது, அந்தப் பயம் என்று நினைத்தேன்.

அன்று எனக்குச் சடை பின்னியது அத்தைதான். பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். வலிக்கிறது என்று நான் சிணுங்கினேன். அத்தை காதோடு ஒரு சேதி சொன்னாள். புதுசாகச் செய்த வீணைக்கு யாராவது ஒரு ரகசியம் சொன்னால்தான் பாட்டு வருமாம். யாரிடமும் சொல்லக்கூடாத ரகசியமாக இருக்க வேண்டுமாம். தந்திக்கு அடியில் வாயை நன்றாகக் கிட்ட வைத்துச் சொல்ல வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? வீணை என்ன ஆளா?

பழவேற்காட்டிலிருந்து மைக் செட் பாய் வந்திருந்தார். பேட்டரியில் ஓடும் செட். தென்னை மரத்தில் குழாய் ஒன்றைக் கட்டி, மாமாவின் கிட்டாரைச் செட்டில் மாட்டிவிட்டு அவர் நாஷ்டா சாப்பிடப் போனார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் படம் எடுக்க வரச்சொல்லி மாமாவை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று அத்தை என்னைக் கிட்டாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நானும் கிட்டாரும் ஜமக்காளமும்தான். குனிந்தேன். வாயைத் தந்தியில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.

"மாமா பொய் சொல்றாரு. அத்த போட்டோ எல்லாமே நல்லாதான் வந்துகீது. பிஸ்கோத்து டப்பால போட்டு பரண் மேல வெச்சிகீறாரு. அத்த எல்லாத்துலயும் சிரிச்சிக்கினே கீது."

என் குரல் தென்னை மரத்திலிருந்து வந்தது. பந்தல், சமையல் கொட்டாய், வாசல், அடுத்த தெரு, எல்லாம் கேட்டது. நாயனக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் கவளத்தோடு நிமிர்ந்தார்கள். மாமா கேமராவுக்குப் பின்னால் கல்லாய் நின்றார்.

தாத்தா பெரியப்பாவைப் பார்த்துத் தவிட்டு அறைப் பக்கம் கையைக் காட்டினார். டப்பா வந்தது. தாத்தா திறப்பதற்குள் ஊத்துக்கோட்டைப் பெரியவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அம்மாவுக்கு உயிரே இல்லை. எல்லாப் படத்தையும் பார்த்த பிறகு டப்பாவை மூடித் தாத்தா மடியில் வைத்தார்.

"பொண்ணு யாரப் பாத்து சிரிக்குதுன்னு நல்லாவே தெரியுது. இத்த எங்க ஊட்டுக்கு அனுப்பாதீங்க. எந்த ஊட்டுக்குமே அனுப்பாதீங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை. பாயசம் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே பந்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

தாத்தா மாமாவைக் கூப்பிட்டார்.

"நல்லா வந்த படத்த நல்லா வந்துச்சின்னு சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா நீங்க அனுப்பிடுவீங்களே."

தாத்தா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாயங்காலம் மாமாவுக்கும் அத்தைக்கும் தாம்பூலம் மாற்றினார்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே. அப்புறம் மாமா கரண்டு வீணையை வாசித்தார். கொட்டகையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போனவர்களும் பாட்டை விட மனமில்லாமல் திரும்பிவந்துவிட்டார்கள். நான் ரகசியம் சொன்னதால்தான் இப்படிப் பாடுகிறது என்று எனக்கு ஒரே கர்வம்.

வருஷங்கள் ஓடி, கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்து, மாமா அங்கே வேலைக்குப் போய், அந்தப் பக்கமே வீடும் கட்டிக்கொண்டார். என் மகனுக்கு ஒரு கிட்டார் செய்து தர உட்கார்ந்தவர், கம்பி சுற்றிய காந்தத்தை உருக்கிய மெழுகில் முக்கினார். எதற்கு என்றேன். முக்காவிட்டால் கிட்டே யார் பேசினாலும் பிடித்துக்கொண்டு மைக் மாதிரி ஆகிவிடும் என்றார். முதல் கிட்டாரில் அது தெரியாமல் போயிற்றா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? தெரிஞ்சப்போ முக்க நேரமில்ல. அதான் கிட்ட யாரும் பேசாம பாத்துக்கோன்னு உங்க அத்தகிட்ட மட்டும் சொல்லி வெச்சேன். அவ உன்ன காவலுக்கு வெச்சா. நீ அதுகிட்டயே போய்ப் பேசிக்கினு இருந்த. நம்ம நல்ல நேரம், வேற இன்னா" என்று மெழுகை ஊதினார்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முறம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஆடியது.

அதனிடம் பேசச் சொன்னதே அத்தைதான் என்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. ஓட்டை வாய்க்கு அது பெரிய காரியம். அன்று காலை அத்தை என் சடையை ஏன் அத்தனை தடவை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள் என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியாது. பின்னல் வராமல் தடுமாறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.