சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கி

சாரல் காலம் வந்துவிட்டால் ஊர் முழுக்கக் குதூகலம். எனக்கு மட்டும் எரிச்சல். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில் இருக்கிறது என் லேத்துப் பட்டறை. காரின் கண்ணாடியை இறக்கி ஷாம்பு பாக்கெட்டை வீசுகிறவன், ஈரத்துண்டோடு என் படியில் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸ் தின்கிறவன், எண்ணெய் வழியும் முதுகை என் சுவரில் சாய்த்துக் கறையை விட்டுப் போகிறவன் என்று எல்லோரையும் சகித்தாக வேண்டும். இது போதாதென்று காற்றில் எந்நேரமும் ஈரம். காலையில் துடைத்து வைத்த இரும்பில் மத்தியானத்துக்குள் துரு படர்ந்துவிடும். சாரலைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கூப்பிட்டு என் லேத்தை ஒரு வாரம் துடைக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

ராணுவத்தில் இருந்த காலம் முழுக்கத் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். ஓய்வு பெற்று வந்தபின் அதற்கான உரிமம் வாங்கிக்கொண்டு ஒரு லேத்தையும் ஒரு மில்லிங் மெஷினையும் போட்டேன். பெரும்பாலும் வருவது பம்புசெட் ஷாஃப்டும் டிராக்டர் புஷ்ஷும்தான். எப்போதாவது, உரிமம் வைத்திருக்கிற பழைய குடும்பத்துக்காரர்கள் யாராவது வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைச் செய்த கம்பெனியே இன்றைக்கு இருக்காது. உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். தேய்ந்த துண்டை அப்படியே அளந்து செய்தால் அதன் தேய்மானத்தையும் சேர்த்துச் செய்ததாகிவிடும். அதனால் துண்டை நம்பக் கூடாது. அது உட்காருகிற இடத்தையும் உரசிய தடத்தையும் பார்க்க வேண்டும். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் துப்பாக்கிகளை வைத்திருக்கிறவர்களைத்தான் பிடிக்காது.

ஒருத்தராவது முறையாக எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் ஆயுத பூஜை வந்தால் சந்தனம் அப்ப மட்டும் தவற மாட்டார்கள். ஈரச் சந்தனத்தை இரும்பில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கும்பிட்டுவிட்டு அப்படியே பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். துடைத்தால் குற்றமாம். அடுத்த வருஷம் அந்தப் பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு. கேட்டால் பக்தி என்பார்கள். பல் விளக்காதவன் வெற்றிலை போட்டு வாயை மறைக்கிற மாதிரிதான் எனக்கு அது தெரியும்.

போன சீசனில் வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். தோப்பும் வயலும் உள்ளவர், மடிப்புக் கலையாத சட்டை, விரல் நிறைய மோதிரம். அவருக்குப் பின்னால், பட்டு வேட்டியில் சுற்றிய துப்பாக்கியை ஏந்திக்கொண்டு அவருடைய தோட்டக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலை நனைந்தாலும் துப்பாக்கி நனையாமல் குடையை அதற்குப் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க கோயில்ல கொடை விழா வருதுல்லா. சாமி வெளிய வரும்போது வெடி போடணும். தாத்தா காலத்து வழக்கம். போன கொடையில சுட்ட தோட்டாக் கூடு வெளிய வர மாட்டேன்னுட்டு. உள்ள கொக்கி ஒடஞ்சு கெடக்கு. ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார் முதலாளி.

கூட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது சட்டப்படி குற்றம் என்றேன். "அதெல்லாம் பேசிக்கிடலாம்" என்று கையை உதறினார். முதலில் பார்க்கிறேன், செய்வதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க பாருங்க. நான் போயி எண்ணெ தேச்சு ஒரு குளி போட்டுட்டு வாரேன். ஏலே, நீ இங்கனயே இரி." கார் அருவிப் பக்கம் போய்விட்டது.

வேட்டியைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தேங்காய் எண்ணெயை யாரோ வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். அது காறிப்போய்ப் பழுப்புப் பிசினாக இறுகியிருந்தது. கட்டையின் இடுக்கில் கரப்பான் முட்டைகள். தோட்டாவை அடைத்து வெடிக்க வைக்கிற பின்பக்கத்துப் பூட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். காலிக் கூட்டை இழுத்து வெளியே தள்ளவேண்டிய கொக்கியின் இடத்தில், எவனோ ஹேக்ஸா பிளேடை உடைத்துத் தேய்த்துச் செருகியிருந்தான். அந்தப் பிளேடின் பல்கூட அப்படியே இருந்தது. இப்படிச் செய்கிறவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறது?

கொக்கி வந்து பிடிக்கிற இடத்தை அளப்பதற்காகக் குழாயின் பின்முனையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கேதான் சந்தனம் மொத்தமாக அப்பிக் கிடந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தோட்டக்காரர் பதறி எழுந்தார். "அண்ணாச்சி, பொட்டத் துடைக்காதீங்க. மொதலாளி ஏசுவாக."

"ஏசட்டும்" என்று தேய்த்தேன். சந்தனத்துக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. துப்பாக்கிக் குழாய்க்கு யாரும் அந்தப் பெயிண்டை அடிக்க மாட்டார்கள். கம்பியால் சுரண்டினேன். இரும்பு என்றால் கிறீச்சிட வேண்டும். இது சத்தமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. பைப் ஒழுகினால் பிசைந்து அடைப்பார்களே, அந்தப் பசை. முழுவதும் நோண்டி எடுத்தபோது அதற்கு அடியில் குழி. ஈரச் சந்தனம் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இரும்பை அரித்திருந்தது. குழியின் ஓரத்திலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. தோட்டா வெடிக்கிற இடம் அதுதான். சுடுகிறவன் கட்டையில் கன்னத்தை வைத்தால் அந்தக் குழி அவன் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்.

"இத அடச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான் அண்ணாச்சி. தண்ணித் தொட்டிக்கு அடச்ச மிச்சம் இருந்துச்சு. மொதலாளி அடைக்கச் சொன்னாக. பூசையில பாக்க அசிங்கமா இருக்குன்னாக."

"அதுக்கப்புறம் இதச் சுட்டது?"

"எப்பவும் நான்தான் சுடுவேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். "சுடும்போது முதலாளி எங்க நிப்பாரு?"

"முன்னெல்லாம் என் தோள்ல கை போட்டுக்கிட்டு பக்கத்துலயே நிப்பாக. போட்டோக்கூட இருக்கு. இப்பதான், அத அடச்சதுக்கு அப்புறம், சத்தம் ஒத்துக்கலன்னு கோயிலுக்கு உள்ள போயிருதாக."

அந்த நிமிஷம் எனக்கு வந்த அருவருப்பை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காறிப்போன எண்ணெய்க்கே மூக்கைப் பொத்தியவன் நான். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குழியைக் காட்டினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இதுவரை வெடிக்காதது அதிர்ஷ்டம். இனிமேல் சுட்டால் இந்த இடத்தில் கிழியும். இரும்புத் துண்டு கண்ணில் பாயலாம், கன்னத்தில் பாயலாம். உயிரே போகலாம்.

அவர் விரலை விட்டுக் குழியைத் தடவினார். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "தெரியாம சொல்லியிருப்பாக அண்ணாச்சி" என்றார். நோண்டிய பசையைக் கூட்டி எடுத்து ஒரு தாளில் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே, "நாங்க குடியிருக்கதும் அவுக எடத்துலதான். மாட்டேன்னு சொல்ல முடியாதுல்லா" என்றார். சொல்லிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை வந்தது. கையில் பரோட்டாப் பார்சல். முகம் முழுக்கக் குளித்த சுகம். நான் குழியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. புதிதாகப் பார்க்கிறவன் குனிந்து பார்த்திருப்பான்.

"எதுக்கு அண்ணாச்சி பொட்டெல்லாம் அழிச்சீங்க? நான் கேட்டது கொக்கி. கொழாயப் பத்தி உங்களுக்கு என்ன?"

"சுட்டா வெடிக்கும்."

"எங்க வெடிச்சுது? இவன் எத்தன வருசமா சுடுதான். அப்பிடியே ஒண்ணு ஆனாலும் நானா சுடப் போறேன்? இவன்தான சுடுதான்." சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன 'இவன்' கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கொக்கி செய்து தர முடியாது, இந்தத் துப்பாக்கி சுட லாயக்கில்லை என்று ஸ்டேஷனுக்கும் இன்றைக்கே சொல்லப்போகிறேன் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. சாலையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"ஊருக்குள்ள வேற லேத்து இல்லாமயா போச்சு? பொடலங்கா கொக்கி. எவன் வேணும்னாலும் செய்வான்." தோட்டக்காரர் பக்கம் திரும்பினார். "எடுலே, போவோம்."

தோட்டக்காரர் எழுந்தார். துப்பாக்கியைப் பட்டு வேட்டியில் சுற்றவில்லை. தோளில் போடவும் இல்லை. இரண்டு கையாலும் தூக்கி, சுடுவதற்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி, கட்டையை முதலாளியின் தோளுக்கு நேராக நீட்டினார். அந்தக் குழி முதலாளியின் முகத்துக்குப் பக்கத்தில் போனது.

"ஒரு தடவ நீங்க புடிங்க மொதலாளி."

முதலாளியின் கை எழும்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். பிறகு இன்னும் ஓரடி. முதுகு சுவரில் முட்டியது. பரோட்டாப் பார்சல் கைநழுவி விழுந்து சால்னா என் தரையெல்லாம் வழிந்தது. கழற்றி வைத்த பூட்டு என் மேஜையில்தான் கிடந்தது; அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. அது அவர் கண்ணிலும் பட்டிருக்கும்.

தோட்டக்காரர் நீட்டிய துப்பாக்கியை இறக்காமல், அவர் பதுங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டு கூட இல்ல மொதலாளி" என்றார்.